பட்டு ஏன் எடை குறைகிறது: ‘ஒன்பது அத்தியாயங்க’ளும் கணக்கதிகாரமும்

சீனர்களின் பழைய கணித நூலான ‘ஒன்பது அத்தியாயங்க’ளில் ஒரு நெசவுக்காரி வருகிறாள். கைதேர்ந்தவள். முந்தைய நாள் நெய்ததைப்போல இரண்டு மடங்கு அடுத்த நாள் நெய்கிறாள். ஐந்து நாளில் ஐந்து அடி முடித்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு நெய்தாள்? கேள்வி இவ்வளவுதான். அவள் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. விடை, முதல் நாள் ஓர் அங்குலமும் 31-ல் 19 பங்கும். (அவர்கள் கணக்கில் பத்து அங்குலம் ஓர் அடி.) ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று கூட்டினால் 31 வரும். ஐம்பது அங்குலத்தை 31 பங்காகப் பிரித்து, முதல் நாளுக்கு ஒரு பங்கு கொடுக்கவேண்டும். கடைசி நாளுக்குப் பதினாறு பங்கு.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி நின்று வருஷக்கணக்காகிறது. ஆனால் ஆயாவுக்குத் தறியைப் பற்றி எது கேட்டாலும் முகம் மாறிவிடும். இந்தக் கணக்கைச் சொன்னேன். சிரித்தார். “எந்தத் தறியிலடா அப்பிடி ஓடும்? கோர்வைச் சேலைன்னா ஒரு முழம்கூட ஓடாத நாளு இருக்குது.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஆனா கடைசி நாளு சரிதான். தீவாளிக்கு மொத நாளு ராத்திரி பூரா உங்க தாத்தா அப்பிடித்தான் நெய்வாரு.”

மொத்தத் துணியில் பாதிக்குமேல் கடைசி நாளில் நெய்யப்பட்டது என்பது அந்த விடைக்குள்ளேயே இருக்கிறது. நான் அதைப் பின்னமாக மட்டும் பார்த்திருந்தேன். இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு ஒன்றுக்கு ஆயா ஒரே வரியில் உரை எழுதிவிட்டார். பழைய கணித நூல்களை நாம் எப்படி வாசிக்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சீனா என்று வாயைத் திறந்தால் அடுத்த நிமிஷம் போதிதர்மர் வந்துவிடுவார். 2011-ல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் இது தெரியும். கொஞ்சம் படித்தவர்கள் ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இங்கே வந்ததைச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அந்த வழியில் போகவில்லை. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற விசாரணையில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கிறேன், அவ்வளவே.

‘ஜியுஜாங் சுவான்ஷு’ என்கிற ‘ஒன்பது அத்தியாயங்க’ளில் 246 கணக்குகள் உள்ளன. நிலம் அளப்பது, தானியம் மாற்றுவது, பங்கு பிரிப்பது, மண் வெட்டுவது, வரி நிரவுவது என்று போகும். ஹான் பேரரசின் காலத்தில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இதற்கும் முந்தைய கணக்கு நூல் ஒன்று, மூங்கில் பட்டைகளில் எழுதப்பட்டது, 1980-களில் ஹூபெய் மாகாணத்தின் ஜாங்ஜியாஷான் என்ற இடத்தில் ஒரு கல்லறையில் கிடைத்தது. கல்லறையின் காலம் கி.மு. 186-ஐ ஒட்டியது. நம் நெசவுக்காரி அதிலும் இருக்கிறாள். அதே கல்லறையில் சட்டத் தொகுப்பும் கிடைத்திருக்கிறது. ஓர் அதிகாரி சாகும்போது அவரோடு புதைத்தவை சட்டமும் கணக்கும். இந்தக் கணிதம் யாருடைய மேஜையில் பிறந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஐந்தாம் அத்தியாயத்தில் மண் வெட்டும் ஆளுக்குக் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 444 கன அடி என்றும் இளவேனிலில் 766 என்றும் அளவு நிர்ணயித்திருக்கிறது. குளிரில் பகல் குறைவு, மண் இறுகியிருக்கும். எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. வெட்டியவனுக்கு 444 என்பது எப்படி இருந்தது என்பதை அந்தப் பக்கத்தில் தேடக்கூடாது.

கணக்கதிகாரமும் இதே குடும்பம். கொறுக்கையூர் காரிநாயனார் பெயரால் வழங்குவது. வெண்பாக்களால் ஆனது. நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று வகை பிரித்துப் போகிறது. ஊர்க்கணக்கர்களின் உலகம். முந்திரி என்றால் 320-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பையனுக்கு இவையெல்லாம் நாக்கிலேயே இருந்தன. நமக்கு முந்திரி என்றால் கேக்கில் போடுவது.

இரண்டு நூல்களும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. வட்டத்தின் பரப்பு. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்கிறது சீன நூல். கணக்கதிகாரமும் அதையேதான் சொல்கிறது, விடை குழிக்கணக்கில் வரும். விதி முற்றிலும் சரி. ஆனால் வட்டத்தைச் சுற்றிக் கயிறு பிடிக்க முடியாதபோது சுற்றளவுக்கு எங்கே போவது? அதற்குச் சீன நூல் விட்டத்தை மூன்றால் பெருக்கிக்கொள்கிறது. இந்த மூன்றில்தான் கி.பி. 263-ல் லியு ஹுயி வந்து உட்காருகிறார்.

லியு ஹுயி இந்த நூலின் உரையாசிரியர். சிறு வயதில் படித்ததாகவும் வளர்ந்த பிறகு மறுபடி ஊன்றிப் படித்ததாகவும் முன்னுரையில் சொல்கிறார். மூன்று என்பது வட்டத்துக்குப் பொருந்தாது, வட்டத்துக்குள் வரையும் அறுகோணத்தின் சுற்றளவுக்குத்தான் பொருந்தும் என்று காட்டுகிறார். தலைமுறை தலைமுறையாக யாரும் சரிபார்க்காமல் கைமாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அவருக்கு எரிச்சல். பிறகு அறுகோணத்தைப் பன்னிரண்டாக்கி, இருபத்து நான்காக்கி, பக்கங்களைப் பெருக்கிக்கொண்டே போய் 50-க்கு 157 என்ற விகிதத்துக்கு வருகிறார். அதாவது 3.14.

எனக்கு அவரிடம் இன்னும் பிடித்த இடம் அவர் தோற்ற இடம். உருண்டையின் கனஅளவுக்கு நூலில் இருக்கும் விதி தப்பு என்று கண்டுபிடித்துவிடுகிறார். ஒரே கனசதுரத்துக்குள் இரண்டு உருளைகளைக் குறுக்கே செருகினால் நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வடிவம் மிஞ்சும். இரண்டு குடைகளைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் இருக்கும். அதன் கனஅளவு தெரிந்தால் உருண்டை பிடிபட்டுவிடும் என்பது வரைக்கும் போய்விட்டார். அந்த வடிவத்தின் கனஅளவு வரவில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லி மூடிவிடாமல், சந்தேகத்தை அப்படியே வைக்கிறேன், சொல்லக்கூடியவர் வரட்டும் என்று எழுதிவிட்டு நகர்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஸூ சோங்ஜியின் மகன் ஸூ கெங் வந்து முடித்துக்கொடுத்தார். ஓர் உரையாசிரியர் காலியாக விட்ட இடத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

‘கிழக்கில் சூத்திரம் இருந்தது, நிரூபணம் இல்லை’ என்று ஒரு காலத்தில் பாடப்புத்தகங்கள் எழுதின. ஜோசப் நீதாம் 1959-ல் வெளியிட்ட மூன்றாம் தொகுதி அந்தச் சுவரில் பெரிய ஓட்டை போட்டது. லியு ஹுயியின் உரையையே ஒருவகை நிரூபணமாக வாசிக்கவேண்டும் என்று விரிவாகக் காட்டியவர் காரின் ஷெம்லா. குவோ ஷுசுன்னோடு சேர்ந்து 2004-ல் அவர் வெளியிட்ட பிரெஞ்சுப் பதிப்பு இதில் முக்கியமானது. நீதாமிடம் எனக்கு ஒரு சின்ன மனக்குறை. எது யாருக்கு முன்னால் வந்தது என்ற கணக்கு அவரை விடுவதே இல்லை. பல பக்கங்கள் ஓட்டப்பந்தய முடிவுகள் போல இருக்கும். அவர் காலத்தில் அது தேவைப்பட்டது, புரிகிறது. ஆனால் அந்தப் பழக்கம் நம்மிடம் வந்து சேர்ந்தபோது வாட்ஸ்அப் பார்வர்டாக ஆகிவிட்டது.

எதைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு ஒரு தமிழ்ப் பாட்டு சுற்றிக்கொண்டிருக்கிறதே, கணக்கதிகாரத்தின் பெயரிலும் போதையனார் பெயரிலும். நீளமான பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளு, குட்டையான பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும் என்பது அதன் சாரம். கூடவே ஒரு குறிப்பு வரும்: பித்தகோரஸ் தேற்றத்தைவிட இது உயர்ந்தது, வர்க்கமூலமே தேவையில்லை! சந்தேகமிருந்தால் 3, 4 போட்டுப் பாருங்கள் என்பார்கள். போட்டால் ஐந்து வரும். 5, 12 போட்டால் பதின்மூன்று வரும். மாமா, சித்தப்பா எல்லோரும் கைகூப்பி எமோஜி.

இப்போது 8, 15 போடுங்கள். பதினேழு வரவேண்டும். பதினேழும் அரைக்காலும் வருகிறது. 7, 24-க்கு இருபத்தைந்து வரவேண்டும், இருபத்து நாலரைதான் வருகிறது. உடனே எதிர்த்தரப்பு வந்துவிடும், ‘பார், எல்லாம் டுபாக்கூர்’ என்று. இந்த இரண்டு தரப்புமே பாட்டை வாசிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒருவர் கும்பிட்டார், இன்னொருவர் துப்பினார். லியு ஹுயி கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? எங்கே சரி, எங்கே பிசகு, ஏன் என்று கேட்டிருப்பார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்கணிதம் போதும். குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தப் பங்குக்கு இந்த விதி துல்லியமாக வரும் என்று சமன்பாடு போட்டால் இரண்டே விடைதான். ஒன்று முக்கால். இன்னொன்று பன்னிரண்டில் ஐந்து. அதாவது 3-4-5, 5-12-13. உலகத்தில் இருக்கிற எல்லாச் செங்கோண முக்கோணங்களிலும் இந்த இரண்டு வடிவங்களுக்கு மட்டும் இந்த விதி சரி. பார்வர்டுக்காரர்கள் காட்டுகிற அதே இரண்டு!

இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பாட்டைக் கட்டியவருக்கு இந்த இரண்டு முக்கோணங்களும் தெரிந்திருக்கின்றன. இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி, வாயால் போடக்கூடிய ஒரு நேர்விதியைச் செய்திருக்கிறார். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்களில் விதி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. வெளியே போனால் குறைத்துக் காட்டும். சதுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் குறையும். ஒடிசலான நீளத் துண்டு நிலத்தில் எட்டில் ஒரு பங்குவரை தின்றுவிடும். ஆக, கூரைக்குச் சாத்துக் கட்டை அறுக்கிற தச்சருக்கு இது போதும் என்று படுகிறது. ஒல்லியான வயலின் குறுக்களவுக்கு இதை நம்பினால் யாரோ ஒருவருக்கு நஷ்டம். பித்தகோரஸைத் தோற்கடித்த கதையைவிட இது எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது. ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். எங்கே எவ்வளவு தப்பலாம் என்று கைப்பழக்கத்தில் அறிந்திருக்கிறார்.

ஆனால் அவர் காரணத்தைப் பாட்டில் வைக்கவில்லை. நம் கணக்கு நூல்களுக்கு உரை இல்லாமல் இல்லை. உரைகள் பெரும்பாலும் இப்படிப் போடு, இப்படிப் பெருக்கு என்று வழி காட்டுபவை. பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை எண்ண, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகு என்பதும் வட்டத்தின் பரப்பும் ஒரே குரலில் வருகின்றன. ஒன்று என்றைக்கும் மாறாதது. இன்னொன்று எங்கள் வீட்டுப் பலாவிடம் தோற்றுப்போனது. (எண்ணிப் பார்த்தோம். பழம் நன்றாக இருந்தது.) பக்கத்து மலையாளத்தில் பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’வில் காரணங்களை மக்கள் மொழி உரைநடையிலேயே விரித்து எழுதினார் என்பதைப் பார்க்கும்போது, தமிழில் அந்த இடம் காலியாகக் கிடப்பது உறுத்துகிறது. பெருமை அந்த இடத்தை நிரப்பாது.

இவ்வளவு தூரம் லியு ஹுயியைக் கொண்டாடிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இல்லை. நெசவுக்காரிக் கணக்கில் அவர் விகிதத்தைத்தான் பார்க்கிறார். தினமும் இரட்டிப்பாக நெய்ய முடியுமா என்று அவருக்குத் தோன்றவில்லை. கணிதத்துக்கு அது தேவையில்லை என்று சொல்லலாம். ஆனால் அதே நூலில் பட்டைப் பற்றி இன்னும் இரண்டு கணக்குகள் உண்டு. அங்கே தறிக்காரர்களின் வாழ்க்கை முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

முதலாவது ஆறாம் அத்தியாயத்தில். ஒரு ஜின் கச்சாப் பட்டு, அதாவது பதினாறு லியாங், பசை நீக்கியதும் பன்னிரண்டு லியாங் ஆகிறது. சாயம் தோய்த்தால் எடை முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஏறுகிறது. சாயம் போட்ட பட்டு ஒரு ஜின் இருந்தால் ஆதியில் கச்சாப் பட்டு எவ்வளவு? விடையை விடுங்கள். கச்சாப் பட்டில் கால் பங்கு போய்விடுகிறது என்கிறதே, அதைக் கவனியுங்கள். பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கும்போது கிலோவுக்கு இருநூறிலிருந்து இருநூற்றைம்பது கிராம் வரை குறையும் என்று காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் எந்தப் பையனும் சொல்வான். ஹான் காலத்து எழுத்தர் ஏதோ ஓர் எண்ணை எடுத்துப் போடவில்லை. யாரோ கொப்பரைப் பக்கத்தில் நின்று பார்த்து வந்து சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, நெசவுக்காரி இருக்கும் அதே மூன்றாம் அத்தியாயத்தில். முப்பது ஜின் பச்சைப் பட்டு காய்ந்ததும் மூன்று ஜின் பன்னிரண்டு லியாங் குறைகிறது. காய்ந்த பட்டு பன்னிரண்டு ஜின் என்றால் காய்வதற்கு முன் எவ்வளவு? இங்கே குறைவது சரியாக எட்டில் ஒரு பங்கு. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் தறிக்காரர் முதலாளியிடம் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்குவார். சேலையை நெய்து கொண்டுபோய்க் கொடுக்கும்போது திரும்ப எடை போடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில் வாங்கின பட்டு சித்திரை வெயிலில் சேலையாகத் திரும்பும்போது எடை குறையாமல் என்ன செய்யும்? நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு முதலாளி வீட்டுத் திண்ணையில் தாத்தாவின் சேலையில் இருபது கிராம் குறைந்தது. கூலியில் பிடித்தது போக, நூலைத் திருடிவிட்டதாக நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். தாத்தா அந்தத் திண்ணைக்கு அப்புறம் போகவில்லை. இதை எங்கள் வீட்டில் வெகுகாலம் யாரும் பேசவே மாட்டார்கள்.

பட்டு காய்ந்தால் எடை குறையும் என்பது இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மாணவர்கள் போட்டுப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டவர் தராசின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அதைத் தன் கை அறிவாக வைத்திருந்தவர் இந்தப் பக்கம் நின்றார். சீனாவிலும் காஞ்சியிலும் இதுதான் ஏற்பாடு என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் காஞ்சியின் பழைய ஆவணம் ஒன்று அதற்கு விடமாட்டேன் என்கிறது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டு, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரகத்துக் கோயிலைப் பற்றியது, நாம் இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்கிறோமே அது. நகரத்தில் நெசவாளர்கள் வாழ்ந்த நான்கு சேரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கோயில் காரியத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறது. உலகத்தை மூன்றடியால் அளந்த சாமியின் வரவு செலவை நெசவாளர்கள் மேற்பார்த்தார்கள். தராசின் அந்தப் பக்கம் அவர்களுக்கு எப்போதும் மூடியிருக்கவில்லை.

கணிதத்தை இந்தப் பக்கத்திலிருந்து எழுதுவதற்குத் தமிழ்நாட்டை வைத்தே ஒரு முன்மாதிரி வந்துவிட்டது. செந்தில் பாபுவின் ‘மேத்தமேடிக்ஸ் அண்ட் சொசைட்டி’, 2022-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. எண்சுவடியையும் கணக்கதிகாரத்தையும் திண்ணைப் பள்ளியையும் ஊர்க்கணக்கரையும் சாதியையும் உழைப்பையும் ஒரே கதையாக வாசிக்கிறது. ‘யார் முதலில்’ என்ற கேள்வி அதில் தலைகாட்டுவதில்லை. யார் அளந்தார்கள், யாருடையது அளக்கப்பட்டது என்பதுதான் அதன் கேள்வி. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறை. கணக்கதிகாரத்தைப் பற்றிப் பேசுகிற ஆயிரம் பேரில் பத்துப் பேர் இதைப் புரட்டியிருந்தால்கூட நம் பேச்சின் தரம் மாறியிருக்கும்.

சென்ற பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து தாத்தாவின் டைரி ஒன்று கிடைத்தது. பழைய எல்ஐசி டைரி. நடுவில் கோடு போட்டு நான்கு பத்தி. தேதி, வாங்கின எடை, கொடுத்த எடை, வித்தியாசம். மூன்று வருஷத்துக்கு எழுதியிருக்கிறார். பங்குனி, சித்திரை, வைகாசி வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. வித்தியாசம் அந்த மாதங்களில்தான் அதிகம். மூன்று வருஷமும் அப்படித்தான். மூன்றாம் பத்தியின் அடியில் கூட்டி, வகுத்து, ஒரு சேலைக்கு இத்தனை கிராம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஆயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இத யாருகிட்டயும் காட்டலியா ஆயா?”

“யாருகிட்டடா காட்டறது?” என்றார். பிறகு, அந்தச் சீனாக்காரி கணக்கை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.